ஹீரோ வாளில் ஒரு குழாய்த் திருகு!
(சினிமா நகல் பொருளை நம் பொருளாக மாற்றும் கலை)

முதலில் ஒரு புதிர். கீழே ஐந்து பொருள்கள்.

1. பழைய ஜெட் விமான என்ஜினின் ஒரு குழாய்த் துண்டு
2. முதல் உலகப் போர்க் காலத்து எறிகுண்டின் வெற்று ஓடு
3. தண்ணீர்க் குழாயின் திருகு
4. இயந்திரத் துப்பாக்கியின் முனையில் மாட்டும் ஓர் உதிரி பாகம்
5. பழைய கேமரா ஃப்ளாஷில் இருந்து கழற்றிய கிளாம்ப்

ஐந்தையும் ஒன்றாகச் சேர்த்தால் என்ன வரும்?

"காயலாங்கடை வரும்" என்று சொன்னவர்களுக்குப் பாதி மார்க். சரியான விடை: 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஓபி-வான் கெனோபி என்கிற கிழவர் இடுப்பில் தொங்கவிட்டிருக்கும் ஒளிவாளின் கைப்பிடி! நிஜமாகத்தான் சொல்கிறேன். உலகம் முழுக்கப் பிள்ளைகள் ஆசைப்பட்ட அந்த ஆயுதத்தின் அடிப்பக்கத்தில் இருப்பது நம் வீட்டுக் குழாயில் திருகுவோமே, அந்த மாதிரி ஒரு திருகு.

சினிமாவில் நடிகர் கையில் பிடிக்கிற பொருளைப் 'பிராப்பர்ட்டி' என்பார்கள். அதே மாதிரி செய்து விற்பது நகல். கடையில் வாங்கின நகலை அப்படியே வைக்காமல், பிரித்து, தேய்த்து, பெயிண்ட் அடித்து, 'இது என்னுடையது' என்று சொல்கிற மாதிரி மாற்றுவது ஒரு பொழுதுபோக்கு. வெளிநாட்டில் இதைப் பெரியவர்களே ரொம்ப சீரியஸாகச் செய்கிறார்கள். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருக்கிற நமக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. என்ன வசதி? படிச்சிக்கிட்டே வாங்க, சொல்றேன்.

கேமராக் கடையில் பிறந்த வாள்

ஸ்டார் வார்ஸ் படத்தின் செட் அலங்காரப் பொறுப்பில் இருந்தவர் ரோஜர் கிறிஸ்டியன். விண்கலம், ஆயுதம், ரோபோ எல்லாம் வேண்டும், ஆனால் கையில் பணம் குறைவு. அவர் என்ன செய்தார் தெரியுமா? உடைத்துப் போட்ட விமானங்களின் பாகங்களை எடைக்கு வாங்கி வந்து, விண்கலத்தின் உள்சுவரில் ஒட்டிவிட்டார்!

கதாநாயகன் லூக்கின் வாளுக்கு மட்டும் ஒன்றும் சரியாக அமையவில்லை. லண்டனில் ஒரு பழைய கேமராக் கடையில் தேடியபோது 'கிராஃப்ளெக்ஸ்' என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஃப்ளாஷ் கைப்பிடிகள் கிடைத்தன. 1940-களில் பத்திரிகைப் போட்டோகிராபர்கள் பெரிய கேமராவின் பக்கத்தில் மாட்டிக்கொண்ட பொருள் அது. உள்ளே மூன்று பெரிய டார்ச் பேட்டரி போகும். மேலே பல்பு, நடுவில் சிவப்புப் பொத்தான். முலாம் பூசிய பித்தளைக் குழாய்.

கிறிஸ்டியன் அதில் நாலே நாலு வேலைதான் செய்தார்.

• அலமாரிக் கதவு நகர்கிற பள்ளத்தில் வைக்கும் 'டி' வடிவப் பட்டையை நறுக்கிப் பிடியைச் சுற்றி ஒட்டினார்.
• பாக்கெட் கால்குலேட்டரில் எண்களைப் பெரிதாகக் காட்டும் குமிழ் லென்ஸ் பட்டையைக் கிளாம்பில் செருகினார்.
• இடுப்பில் தொங்கவிட அடியில் ஒரு வளையம் வைத்தார்.
• ஒட்டுவதற்குப் பயன்படுத்தியது சூப்பர் க்ளூ. நம்ம ஃபெவிக்விக் ஜாதி.

அவ்வளவுதான். அந்தப் படத்தின் கலை இயக்கத்துக்காக 1978-ல் ஆஸ்கர் விருது வாங்கிய நால்வரில் அவரும் ஒருவர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. 'அசல்' என்று உலகமே தேடுகிற பொருளே வேறொரு பொருளை மாற்றிச் செய்ததுதான். ஆகவே நகலை மாற்றுவது ஒன்றும் அபசாரம் இல்லை. அசலைச் செய்தவர் செய்ததும் அதையேதான்.

உங்களுக்குத் தெரியுமா?

★ 1966-ல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் டாக்டர் மெக்காய் பயன்படுத்தும் சில மருத்துவக் கருவிகள், சாப்பாட்டு மேஜையில் வைக்கும் உப்புக் குப்பிகள்!

★ 1963-ல் 'டாக்டர் ஹூ' தொடரில் வந்த 'டாலெக்' என்ற பயங்கர வில்லனின் கை, அடைப்பு எடுக்கிற ரப்பர் பம்ப்!

★ 1985-ல் வந்த 'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்தில் குப்பையை எரிபொருளாக்கும் எதிர்காலக் கருவி, ஒரு காபிக்கொட்டை அரைக்கும் மிஷின்!

★ 1999-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் குய்-கானின் வயர்லெஸ் கருவி, பெண்கள் பயன்படுத்தும் ரேஸரின் கைப்பிடியில் இருந்து அச்செடுத்தது!

★ ஸ்டார் வார்ஸில் வெள்ளைக் கவசப் படைவீரர்கள் பிடிக்கும் துப்பாக்கி, 'ஸ்டெர்லிங்' என்ற பிரிட்டிஷ் கார்பைன். அதே வகை நம் நாட்டில் கான்பூர் தொழிற்சாலையிலும் தயாரானது. போலீஸ்காரர் தோளில் பார்த்திருப்பீர்கள்.

நம்ம ஊர்ப் படங்கள்

டாலெக் வந்த அதே 1963-ல் தமிழில் 'கலை அரசி' வந்தது. எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்து, ஏ.காசிலிங்கம் இயக்கியது. வேற்றுக் கிரகத்தார் பறக்கும் தட்டில் வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிற கதை. மனிதன் நிலவில் கால் வைத்தது 1969-ல். அதற்கு ஆறு வருஷம் முன்பே நம்ம ஆள் வேற்றுக் கிரகத்துக்குப் போயிட்டார்!

2010-ல் 'எந்திரன்'. அதன் கலை இயக்குநர் சாபு சிரில் அந்தப் படத்துக்காகத் தேசிய விருது பெற்றார். சிட்டி ரோபோவுக்குள் சிவப்புச் சிப்பை வைத்ததும் அது வில்லனாக மாறுமே, அந்தச் சிப் ஞாபகம் இருக்கிறதா? 2015-ல் 'இன்று நேற்று நாளை' படத்தின் கால இயந்திரம், 2016-ல் '24' படத்தின் கைக்கடிகாரம் என்று நம்மிடமும் நல்ல நல்ல சினிமாப் பொருள்கள் உண்டு. ஒளிவாளின் நகல் பர்மா பஜார் பக்கம் பொம்மையாகக் கிடைக்கும். சிட்டியின் சிப்பைக் கடையில் தேடி அலைவதை விட நாமே செய்வது சுலபம். ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகள் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். ரிப்பேர் கடையில் கெட்டுப்போன கம்ப்யூட்டர் போர்டு கேட்டு வாங்கி, ஒரு சிறு துண்டு எடுத்து, ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து, சிவப்பு நெயில் பாலிஷ் பூசினால் சிப் ரெடி.

குப்பை ஏன் நிஜமாகத் தெரிகிறது?

அதற்கு முன் வந்த பல விண்வெளிப் படங்களில் விண்கலம் புதுப் பாத்திரம் மாதிரி பளபளவென்று இருக்கும். ஸ்டார் வார்ஸ் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் கேட்டது வேறு. பயன்படுத்திப் பழசான உலகம் வேண்டும் என்றார். எண்ணெய்க் கறை, கீறல், அடிபட்ட மூலை, உரிந்த பெயிண்ட், எல்லாம் வேண்டும்.

சும்மா யோசித்து வரைந்த பொருளில் பொத்தான் எங்கே வேண்டுமானாலும் இருக்கும். நிஜ இயந்திரத்தின் பாகத்தில் ஒவ்வொரு திருகுக்கும் ஒரு காரணம் இருக்கும். ஒரு ஓட்டை இருந்தால் அதன் வழியே ஏதோ போயிருக்கும். அது என்னவென்று நமக்குத் தெரியாவிட்டாலும், 'இது வேலை செய்த பொருள்' என்று கண் கண்டுபிடித்துவிடும்.

படத்தில் பறக்கும் சின்னச் சின்ன மாதிரி விண்கலங்களையும் இப்படித்தான் செய்தார்கள். டாங்கி, போர் விமானம் போன்ற பிளாஸ்டிக் பொம்மைப் பெட்டிகளை வாங்கி, அவற்றின் உதிரிகளைக் கப்பலின் மேல் ஒட்டினார்கள். அப்படிச் செய்த 'எக்ஸ்-விங்' மாதிரி ஒன்று 2023 அக்டோபரில் அமெரிக்காவில் ஏலத்தில் 31 லட்சம் டாலருக்கு மேல் போனது. ஆரம்பத்தில் அது கடையில் கிடைக்கிற பொம்மைப் பாகங்கள்தான்!

இப்போது நமக்குள்ள வசதி என்ன என்று புரிந்திருக்குமே? பழகித் தேய்ந்த இயந்திரம் எப்படி இருக்கும் என்று வெளிநாட்டுக்காரன் போட்டோவைத் தேடிப் பார்க்கணும். நாம் ஸ்கூலுக்கு வருகிற வழியில் பார்க்கிறோம். துறைமுகத்துக் கிரேன், கன்டெய்னர் டிரெய்லர், காசிமேட்டு விசைப்படகு, 2017-ல் மூடின எண்ணூர் அனல்மின் நிலையம், 1856-ல் திறந்து இன்னும் நிற்கிற ராயபுரம் ரயில் நிலையம். பஸ், லாரி செய்யும் அசோக் லேலண்ட் எண்ணூரில். புல்லட் வண்டிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த என்ஃபீல்டு தொழிற்சாலை திருவொற்றியூரில். இன்றைக்கு டயருக்குப் பேர் போன எம்.ஆர்.எஃப். கூட 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் பொம்மை செய்துதான் ஆரம்பித்தது! பொம்மைக்கும் நம் ஏரியாவுக்கும் பழைய உறவு.

துரு நடத்தும் பாடம்

நகலை மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். 'பழசாக்கணும்' என்று நினைத்துக்கொண்டு, கையில் கிடைத்த பழுப்புப் பெயிண்டை எல்லா இடத்திலும் தெளித்துவிடுவார்கள். பார்த்தால் பழசு மாதிரி இருக்காது. சேற்றில் விழுந்த மாதிரி இருக்கும். ஏனென்றால் பழசாவதற்கு ஒரு கணக்கு உண்டு.

முதல் கணக்கு, துரு இரும்புக்கு மட்டும். இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்து நீரேறிய இரும்பு ஆக்சைடாக மாறுவதுதான் செந்துரு. உப்பு கலந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் இந்த வேதிவினை வேகமாக நடக்கும். அதனால்தான் கடலோரத்தில் நம் வீட்டு ஜன்னல் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கிறது. அலுமினியம் சிவப்பாகத் துருப்பிடிக்காது. வெள்ளையாகப் பூத்துப் புள்ளி விழும். பித்தளை கறுக்கும், உப்புக் காற்று பட்டால் பச்சை பூக்கும். லூக்கின் வாள் முலாம் பூசிய பித்தளை. ஆகவே அது தேய்ந்தால் உள்ளிருந்து மஞ்சள்தான் எட்டிப் பார்க்க வேண்டும். அதில் செந்துரு வரைந்தால் பத்தாம் வகுப்பு வேதியியலே தப்பு!

இரண்டாம் கணக்கு, தேய்வது கை படுகிற இடத்தில். பஸ் கம்பியைப் பாருங்கள். எல்லோரும் பிடிக்கிற உயரத்தில் மட்டும் பெயிண்ட் போய்ப் பளபளக்கும். மூலையும் ஓரமும் அடுத்து உரியும். பள்ளமான இடத்தில் பெயிண்ட் அப்படியே இருக்கும், ஆனால் அழுக்கு சேரும். மேடு தேயும், பள்ளம் கறுக்கும். இதை மனப்பாடம் பண்ணிக்குங்க.

மூன்றாம் கணக்கு, நீர் கீழ்நோக்கித்தான் ஒழுகும். கன்டெய்னரில் துருக்கோடு போல்ட்டில் இருந்து நேராகக் கீழே இறங்கும். பொருள் எந்த நிலையில் தொங்கும் அல்லது நிற்கும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் கோடு வரைய வேண்டும்.

நான்காம் கணக்கு, வெயில் மேல்பக்கத்தை வெளுக்கும். புறஊதாக் கதிர் நிறமியைச் சிதைப்பதால் சிவப்பு ரோஸாகும். நிழலில் இருக்கிற அடிப்பக்கம் பழைய நிறத்திலேயே இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டு எடுத்துக்கொண்டு கல்மண்டபத்தில் இருந்து காசிமேடு வரை நடந்து பாருங்கள். இந்த நாலு கணக்கும் தெருவிலேயே எழுதி வைத்திருக்கிறது.

செய்முறை: பொம்மை வாளை நிஜ வாளாக்குவோம்

தேவையானவை: பிளாஸ்டிக் ஒளிவாள் பொம்மை, சின்ன ஸ்குரூ டிரைவர், உப்புத்தாள் (வாட்டர் பேப்பர் 400, 600 நம்பர்), சாம்பல் நிற ஸ்பிரே பிரைமர், கறுப்பு, சில்வர், பித்தளை நிற அக்ரிலிக் பெயிண்ட், கிளியர் வார்னிஷ், எம்-சீல், ஃபெவிக்விக், ஷோகேஸ் கண்ணாடி நகரும் பிளாஸ்டிக் சேனல், பழைய டூத் பிரஷ், கொஞ்சம் கல் உப்பு.

1. கதை எழுதுங்கள். பெயிண்டுக்கு முன்னால் பேனா! இந்த வாள் யாருடையது? வலது கையா, இடது கையா? எத்தனை வருஷம் பயன்படுத்தினார்? பாலைவனத்திலா, கடலோரத்திலா? வலது கைக்காரர் என்றால் கட்டைவிரல் பொத்தான் பக்கம் தேயும். இடுப்பில் தொங்கியது என்றால் வளையத்தைச் சுற்றிக் கீறல் விழும். கதை இல்லாமல் ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

2. பிரியுங்கள். பேட்டரியை எடுத்துவிட்டுத் திருகுகளைக் கழற்றுங்கள். ஒவ்வொரு திருகையும் எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒரு தாளில் செல்லோ டேப் போட்டு ஒட்டுங்கள். பல்பு, ஸ்பீக்கர், போர்டு எல்லாம் தனி டப்பாவில். முடிந்தால் ஒரு போட்டோ, இல்லாவிட்டால் ஒரு படம்.

3. கழுவுங்கள். அச்சிலிருந்து சுலபமாகக் கழல்வதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசை பொம்மையில் இருக்கலாம். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் பெயிண்ட் தோல் மாதிரி உரிந்து வரும்.

4. அச்சுக் கோட்டை அழியுங்கள். இரண்டு பாதி சேருகிற இடத்தில் ஒரு கோடு தெரியும். 'நான் பொம்மை' என்று கத்துவது அதுதான். இடைவெளியை எம்-சீல் வைத்து அடைத்து, காய்ந்ததும் 400 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். பிறகு 600. இந்த வேலைக்குப் பொறுமை வேணும். டிங்கரிங் கடையில் பட்டி போட்டுத் தேய்க்கிற அண்ணன்களைக் கவனியுங்கள். கண்ணால் பார்க்க மாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பார்கள். மேடு பள்ளம் கண்ணை விட விரலுக்கு நன்றாகத் தெரியும்.

5. பட்டை ஒட்டுங்கள். இங்கே கணக்குப் பாடம் வேண்டும். பிடியின் விட்டம் 35 மி.மீ. என்றால் சுற்றளவு 22/7 × 35 = 110 மி.மீ. ஐந்து பட்டை ஒட்டினால் ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததின் நடுவுக்கு 22 மி.மீ. ஒரு தாள் கீற்றில் 22 மி.மீ.க்கு ஒரு கோடு போட்டுப் பிடியைச் சுற்றி ஒட்டி, அதைப் பார்த்துப் பென்சிலில் குறியுங்கள். ஷோகேஸ் சேனலைச் சமமாக நறுக்கிக்கொள்ளுங்கள். கிறிஸ்டியன் பயன்படுத்தியதும் கிட்டத்தட்ட இதே பொருள்தான்! இப்போதைக்கு ஒட்டாமல் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிடுங்கள். பெயிண்ட் எல்லாம் முடிந்த பிறகு ஃபெவிக்விக். அது காற்றிலுள்ள ஈரத்தால் இறுகுவது. நம்ம ஊர்க் காற்றில் ஈரம் ஜாஸ்தி, சட்டென்று பிடித்துவிடும். ஒரு சொட்டுப் போதும். அதிகமானால் வெள்ளைப் படலம் பூக்கும்.

6. பிரைமர். அரை அடிக்கு மேல், ஒரு அடிக்குள் தள்ளி நின்று, கையை நிறுத்தாமல் ஓட்டி, மெல்லிசாக இரண்டு மூன்று முறை. ஒரே தடவையில் கெட்டியாக அடித்தால் வழிந்துவிடும். பழைய டூகோ பெயிண்டர்கள் மழை நாளில் வேலை செய்ய மாட்டார்கள். காரணம் இருக்கிறது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து, பெயிண்ட் பால் மாதிரி வெளுத்துப் போகும். ஆகவே நமக்கு நல்ல நேரம், வெயில் ஏறிய பிறகு, கடற்காற்று வீச ஆரம்பிப்பதற்கு முன். காலை 10 மணியில் இருந்து 12 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடற்காற்று ஈரத்தோடு மண்ணையும் கொண்டு வரும்.

7. அடி நிறம். முதலில் பித்தளை நிறம். நன்றாகக் காய்ந்ததும் அதன் மேல் ஒரு கை கிளியர் வார்னிஷ். அதையும் காயவிடுங்கள்.

8. உப்பு வித்தை! இதுதான் இந்தக் கட்டுரையின் ஹீரோ. எங்கெங்கே தேய்ந்திருக்க வேண்டுமோ அங்கே மட்டும் தண்ணீர் தொட்டு வைத்து, ஒன்றிரண்டாக நுணுக்கிய கல் உப்பைத் தூவுங்கள். தண்ணீர் காய்ந்ததும் உப்பு ஒட்டிக்கொள்ளும். இப்போது மேலே சில்வர் ஸ்பிரே. காய்ந்த பிறகு டூத் பிரஷால் தேய்த்தால் உப்பு உதிரும், அந்த இடத்தில் மட்டும் பித்தளை மஞ்சள் தெரியும். கையால் வரைந்தால் இந்த ஒழுங்கில்லாத வடிவம் வரவே வராது. நம் ஜன்னல் கம்பியை நிஜமாகத் தின்கிற அதே உப்பு இங்கே பொய்யாகத் தின்கிறது! முடிந்ததும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். மிச்ச உப்பு உள்ளே தங்கினால் பொம்மையின் திருகுகள் நிஜமாகவே துருப்பிடிக்கும்.

9. அழுக்கேற்றுங்கள். கறுப்பில் துளி பழுப்பு கலந்து, தண்ணீர் விட்டு டீ டிகாஷன் பதத்துக்குக் கரைத்து, எல்லாப் பள்ளத்திலும் ஓடவிடுங்கள். ஒரு நிமிஷம் கழித்து மேட்டை மட்டும் துணியால் துடையுங்கள். மேடு தேயும், பள்ளம் கறுக்கும், ஞாபகம் இருக்கா?

10. உலர் தூரிகை. பிரஷில் சில்வர் தொட்டு, பழைய பேப்பரில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மிச்சத்தை ஓரங்களில் மட்டும் லேசாகத் தடவுங்கள். ஓரம் உயிர் பெறும்.

11. கடைசியாகப் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஒரு கை. காய்ந்ததும் பட்டையை ஒட்டி, பழைய சாவிக்கொத்து வளையத்தை அடியில் மாட்டி, கால்குலேட்டர் லென்ஸ் கிடைக்காவிட்டால் தெளிவான பிளாஸ்டிக் மணிகளை வரிசையாக வைத்து, திருகுகளை அதனதன் இடத்தில் முடுக்குங்கள்.

ஒளி எப்படி வந்தது?

படத்தில் முதலில் செய்தது ரொம்பச் சுவாரசியம். ஒரு குச்சியின் மேல், விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் பட்டையை ஒட்டி, அதை மோட்டாரால் சுழலவிட்டு, கேமரா பக்கத்திலிருந்து விளக்கு அடித்தார்கள். பிறகு படச்சுருளின் மேல் சட்டம் சட்டமாக ஒளியை வரைந்து சேர்த்தார்கள். அந்த மாதிரிப் பட்டையை நாம் தினம் பார்க்கிறோம். ராத்திரியில் கன்டெய்னர் லாரியின் பின்னால் மின்னுகிறதே, அதே தத்துவம்தான். ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் அந்த 'ம்ம்ம்' சத்தத்தைப் பழைய சினிமா புரொஜக்டர் மோட்டாரில் இருந்தும் டி.வி. பிக்சர் டியூபின் இரைச்சலில் இருந்தும் எடுத்தார்.

பொம்மையின் பழைய பல்பு மங்கலாக இருந்தால் ரிச்சி தெருவில் ஒரு வெள்ளை எல்.இ.டி. வாங்கலாம். மூன்று பேட்டரி சேர்ந்தால் 4.5 வோல்ட். எல்.இ.டி.க்குச் சுமார் 3 வோல்ட் போதும். மிச்சம் 1.5 வோல்ட்டை ஒரு மின்தடை ஏற்க வேண்டும். 100 ஓம் போட்டால் ஓம் விதிப்படி 1.5 ÷ 100 = 0.015 ஆம்பியர், அதாவது 15 மில்லி ஆம்பியர். பாதுகாப்பான அளவு.

ஜாக்கிரதை!

• மூடிய அறையில் ஸ்பிரே, தின்னர் கூடவே கூடாது. அடுப்பு, ஊதுபத்தி பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். மாடியில், முகமூடி போட்டு, காற்று முதுகில் படுகிற மாதிரி நின்று அடியுங்கள்.

• தின்னர் சில பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். எதைப் பூசினாலும் முதலில் பேட்டரி மூடியின் உட்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்துச் சோதியுங்கள்.

• ஃபைபர் படகு ரிப்பேர் நடக்கிற இடத்தில் வேடிக்கை பாருங்கள், நல்ல பாடம். வில்லன் டார்த் வேடரின் முகமூடியும் அதே மாதிரி ஃபைபர் கிளாஸ்தான். ஆனால் பெரியவர்கள் துணை இல்லாமல் ஃபைபரை அறுக்காதீர்கள். கண்ணாடித் தூள் தோலிலும் மூச்சிலும் போகும்.

• காயலாங்கடையில் என்னவென்று தெரியாத உருளை, மூடிய டப்பா, வீங்கின செல்போன் பேட்டரி எதையும் தொடாதீர்கள்.

• மிக முக்கியம்: துப்பாக்கி நகலைப் பழசாக்கி நிஜம் மாதிரி செய்யாதீர்கள். செய்தே ஆக வேண்டும் என்றால் முனையில் ஆரஞ்சு நிறம் இருக்கட்டும், வீட்டு அலமாரியை விட்டு வெளியே வர வேண்டாம். நகல் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு ஆபத்து. தூரத்தில் இருந்து பார்க்கிறவருக்கு அது நகல் என்று எப்படித் தெரியும்? வடசென்னைப் பையன் என்றாலே கையில் கத்தி கொடுத்துக் காட்டுகிற படங்கள் எத்தனை வந்திருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். அந்தப் படத்தை மனசில் வைத்துக்கொண்டு நம்மைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வாளாக இருந்தாலும் தெருவில் வீசிக்கொண்டு போகாமல் பையில் வைத்துக் கொண்டு போங்கள். பயந்து சொல்லவில்லை. ஒரு பொம்மைக்காக யாரும் அடிபடக் கூடாது.

மாற்றலாமா, கூடாதா?

சேகரிப்பவர்களுக்குள்ளே இது தீராத சண்டை. ஒரு கட்சி, 'பெட்டியே பிரிக்காதே, மதிப்புப் போய்விடும்' என்கிறது. இன்னொரு கட்சி, 'பெட்டிக்குள் வைக்கவா வாங்கினோம்' என்கிறது. இரண்டிலும் நியாயம் உண்டு. எண்ணிக்கை வைத்துக் குறைவாக வெளியிட்ட விலை உயர்ந்த நகலை மாற்றினால் திரும்ப விற்கும்போது விலை குறையும், மறுபடி பழைய நிலைக்கும் வராது. தாத்தாவின் பழைய கேமராவையோ ஃப்ளாஷையோ வாளாக்குகிறேன் என்று அறுப்பதும் தப்பு. நல்ல நிலையில் இருந்த எத்தனையோ பழைய கிராஃப்ளெக்ஸ் ஃப்ளாஷ்கள் இப்படி வாளாகி, கேமரா சேகரிப்பவர்களுக்குக் கிடைக்காமல் போய்விட்டன. அசலை வெட்டாதீர்கள். ஆயிரக்கணக்கில் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பொம்மையை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றுங்கள். உலகத்தில் ஒன்றும் குறையாது, ஒன்று கூடும்.

ஆனால் ஒரு நேர்மை வேண்டும். மாற்றின பொருளின் உள்ளே ஒரு சீட்டு வையுங்கள். என்ன பொம்மை, எந்த வருஷம் வாங்கியது, எதை எதை மாற்றினேன், எந்தப் பெயிண்ட், தேதி, பெயர். கழற்றின பழைய பாகங்களை ஒரு கவரில் போட்டுக் கூடவே வையுங்கள். ஏன் இவ்வளவு? வேலை நன்றாக அமைந்துவிட்டால், பத்து வருஷம் கழித்து யாராவது அதை 'அசல்' என்று சொல்லி விற்றுவிடலாம். அசல் சினிமாப் பொருள்கள் லட்சக்கணக்கான டாலருக்குப் போகிற காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. நன்றாகச் செய்தவனுக்குத்தான் இந்தப் பொறுப்பு.

அந்தச் சீட்டில் இன்னொன்றும் எழுதுங்கள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று. தேய்க்கக் காட்டிக் கொடுத்த டிங்கரிங் அண்ணன், உடைந்த குழாய்த் திருகை எடுத்துக் கொடுத்த பிளம்பர் மாமா, வளையத்தைக் கடைந்து கொடுத்த லேத் பட்டறைக்காரர். ஸ்டார் வார்ஸ் படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர்களின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் குழாய்த் திருகை வார்த்தவர் பெயர் எங்கேயும் இல்லை. நம் சேகரிப்பிலாவது இருக்கட்டும்.

பயிற்சி: வீட்டில் கெட்டுப்போன ஐந்து பொருள்களை எடுத்து, ஒட்டாமல் சும்மா அடுக்கிப் பாருங்கள். அது எந்தக் கிரகத்தின், என்ன கருவி என்று நாலு வரி எழுதி, படம் வரைந்து, அறிவியல் மன்றப் பெட்டியில் போடுங்கள். நல்லவை அடுத்த சுவரிதழில் வரும். குழாய்த் திருகு கட்டாயம் இல்லை. இருந்தால் சந்தோஷம்!

எழுதியது: அறிவியல் மன்றம், பிளஸ் ஒன்